கையில் வேலை இருக்கிறது, சார்

எஸ்தர் மேடம் இறந்துபோன செய்தி, நான் கணக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது வந்தது. அட்டெண்டர் கன்னியப்பன் வாசலில் நின்று, "சார், நம்ம எஸ்தர் அம்மா பூட்டாங்க. மஞ்சக்காமாலையாம்" என்றார். கேட்டதும் மாணவர்கள் எழுந்து நின்றார்கள். "நின்று என்ன ஆகப்போகிறது, உட்காருங்கள்" என்று எரிந்து விழுந்தேன். அந்த நேரத்தில் யார் மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கவரைப்பேட்டையில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, எங்கள் திருவள்ளூர் கல்லூரிக்கு வரலாற்று விரிவுரையாளராக வந்தவர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் பட்டதாரிகளோ வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு டீக்கடை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "டிகிரி கம்பெனி கேட் வரைக்கும்தான் சார் இட்டுக்கினு போவும். உள்ள போயி எப்படிப் பேசுறது, எப்படி நாலு பேரோட சேந்து வேல செய்யறது? அத யாரு சொல்லித் தர்றது?" என்பார். சனிக்கிழமைதோறும் அதற்கென்று ஒரு வகுப்பு தொடங்கினார். டெலிபோனில் பேசுவது, தெரியாததைத் தெரியாது என்பது, கெட்ட செய்தியை மேலதிகாரியிடம் மழுப்பாமல் சொல்வது, இப்படி எந்த வேலைக்குப் போனாலும் உதவுகிற விஷயங்கள். நான் அதற்கு 'உத்தியோக பஜனை' என்று பெயர் வைத்தேன். "பஜனைன்னா சுண்டல் குடுக்கணுமே, வாங்கியாங்க" என்றார், சிரிக்காமல்.

ஒரு முறை மாணவர்களை ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துப் போனோம். டின்னிலிருந்து எண்ணெய் ஊற்றும்படி ஒருவனிடம் சொல்லியிருந்தார்கள். மேனேஜர் உள்ளே வந்தாரோ இல்லையோ, பையன் டின்னைப் போட்டுவிட்டு விறைப்பாக நின்று வணக்கம் வைத்தான். தரையெல்லாம் எண்ணெய். "இன்னாபா, கும்புடு போட வந்தியா, வேல செய்ய வந்தியா?" என்று அங்கிருந்தவர் கத்தினார். வகுப்பில் ஆசிரியர் நுழைந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று நாங்கள் வளர்த்துவிட்ட பழக்கம் அது.

மறு சனிக்கிழமையே மேனேஜர் வேஷம் என் தலையில் விழுந்தது. மாணவர்கள் எதையாவது எடை போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் தாழ்வாரத்திலிருந்து திடீரென்று நுழைந்து கூப்பிட வேண்டும். அவர்கள் எழாமல், "கையில் வேலை இருக்கிறது, சார். முடித்துவிட்டு வருகிறேன்" என்று பணிவாகச் சொல்ல வேண்டும். வாய் ஒழுங்காகச் சொல்லும், உடம்பு எழுந்துவிடும். எழாமல் சொன்ன முதல் ஆள் தேவராஜ். புதுவாயல் பக்கத்துப் பையன்; நேற்றுவரை பண்ணைகளில் கூலிக்கு நின்ற குடும்பத்தில் முதல் பட்டதாரி. அன்று எஸ்தர் மேடம் கைதட்டியது இன்னும் காதில் கேட்கிறது.

ஒரு தொழிற்சாலை அவனை ஸ்டோர்ஸில் பயிற்சிக்கு எடுத்தது. ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம். மேடத்தின் வகுப்பிலிருந்து முதல் வேலை. அவன் உட்கார்ந்து மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்து கூப்பிட்டார். தேவராஜ் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்த வாக்கியத்தைச் சொன்னான். "இவன் அப்பன் எங்க கொல்லையில கைகட்டி நின்னவன். இவன் என்னைக் காக்க வைக்கிறானா?" என்று கேட்டவர் அன்றே அவனை அனுப்பிவிட்டார். இனிமேல் எங்கள் கல்லூரிப் பையன்களே வேண்டாமென்றும் சொல்லியனுப்பினார்.

எஸ்தர் மேடம் பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறிப் போய், அந்தத் தொழிற்சாலை வாசலில் பொழுது சாயும்வரை நின்றார். மேனேஜர் பார்க்கவில்லை. "நான் சொல்லிக் குடுத்தத செஞ்சான் சார். அதான் அவன் பண்ண தப்பு" என்று என்னிடம் சொன்னார். அதன்பின் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்கள் குறைந்து, கடைசியில் யாருமே வரவில்லை. காலி பெஞ்சுகளுக்கு எதிரே அவர் உட்கார்ந்திருப்பார்.

கவரைப்பேட்டைக் கல்லறையில் அடக்கம். தேவராஜ் வந்திருந்தான். புதுவாயல் கூட்டுரோட்டில் லாரிகளில் சரக்கு இறக்குகிறானாம். குழியில் மண் தள்ளுகிறவர்களோடு அவனும் மண்வெட்டி பிடித்தான். நான் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு நின்றேன். அப்போது எங்கள் பிரின்ஸ்பால் மாலையோடு வந்தார். எல்லோரும் வேலையை விட்டு ஒதுங்கினார்கள். நானும் சட்டென்று கைகூப்பினேன். மண் என் காலடியிலேயே உதிர்ந்துவிட்டது. தேவராஜ் மட்டும் நிறுத்தவில்லை.

"டேய், பிரின்ஸ்பால் வந்துகிறாரு, நிறுத்துடா" என்றார் ஒருவர்.

அவன் நிமிரவில்லை. "கையில வேல கீது, சார். முடிச்சுட்டு வரேன்."

பிரின்ஸ்பால் மாலையோடு காத்திருந்தார். அத்தனை வருஷம் எஸ்தர் மேடம் சொல்லிக்கொடுத்ததற்கு மரியாதை கிடைத்தது அந்த ஒரு இடத்தில்தான். பார்க்க அவர் இல்லை. என்னிடம் மிஞ்சியிருப்பதும் அந்த வாக்கியம்தான். அதைச் சொல்லிப் பிழைத்தவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது.