ஓரகத்தி வீட்டு நிழல்

மாமனார் ரயில்வேயில் இருந்தபோது மைசூரில் வீடு கட்ட வாங்கிப்போட்ட சைட்டை அவருடைய இரண்டு மகன்களும் பிரித்துக்கொண்டபோது, மூத்தவர் முதலில் எடுக்கட்டும் என்றார்கள். மூத்தவர் என் கணவர், எடுத்தது நான். ரோட்டோரப் பாதி எனக்கு. புங்க மரம் நின்ற பின்பாதி கொழுந்தனாருக்கும் ஓரகத்திக்கும் போனது. நல்ல பங்கு நமக்கு வந்துவிட்டதென்று சில வருடங்கள் தலைகால் புரியாமல் இருந்தேன்.

வீடு கட்டி, அதைச் சுற்றி ஒரு கைப்பிடி மண் விடாமல் சிமெண்ட் போட்டேன். சேறு இல்லை, கார் நிறுத்தலாம், கழுவிவிட்டால் பளிச்சென்று இருக்கும். ஓரகத்தி மண்ணை அப்படியே விட்டுக் கனகாம்பரம் வளர்த்தாள். அவளுடைய புங்க மரத்தின் பெரிய கிளை ஒன்று சுவரைத் தாண்டி எங்கள் படுக்கையறைக்கு மேல் படர்ந்து, என் தரையில் இலையைக் கொட்டிக்கொண்டே இருந்தது.

மகளுக்குத் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று முடிவானதும், அந்தக் கிளையை வெட்டச் சொன்னேன். குழந்தை வரும் வீட்டில் பூச்சி விழும் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வயிற்றெரிச்சல். வெயில் காலத்தில் என் கணவர் மத்தியானத் தூக்கத்துக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே காற்று வருகிறதாம். ஓரகத்தி மறுபேச்சுப் பேசாமல் ஆள் கூப்பிட்டு வெட்டிவிட்டாள். சண்டையாவது போட்டிருக்கலாம்.

மார்ச்சில் பேத்தி பிறந்தாள். ஏப்ரலில் தாயும் குழந்தையும் படுத்திருந்த அந்தப் படுக்கையறை அடுப்பாகிவிட்டது. சாயங்காலம் சுவரில் கை வைத்தால் அப்போதும் சுட்டது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்க வாங்கிய கருவியை என் கணவர் தேடி எடுத்து, எங்கள் சிமெண்ட் தரைக்குக் காட்டினார். எண்ணே வரவில்லை, அளவுக்கு மேல் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் போய் மர நிழலில் மண்ணுக்குக் காட்டிவிட்டு, எண்ணை எனக்குப் படித்துக் காட்டினார். காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடுகூட இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது.

ஏசி வாங்கினோம். பிற்பகலில் கரண்ட் போகும். போன கொஞ்ச நேரத்தில் மேல்தளத்தின் சூடு இறங்கிவிடும். குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. கன்னடப் பள்ளியில் படித்த என் மகளுக்குப் புழுக்கம் என்ற சொல் வாயில் வராது. “செகெ தாங்கலம்மா. கொஞ்ச நாள் சித்தி வீட்ல இருக்கேனே” என்றாள். பிரசவத்துக்கு வந்த பெண் தாய்வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டில் படுத்தால் சம்பந்தி என்ன நினைப்பார்கள் என்று மறுத்துவிட்டேன். மறுபடி கேட்டாள். மறுபடியும் மறுத்தேன். ஓரகத்தி அனுப்பச் சொல்லிக் கேட்கவே இல்லை. அவள் கூப்பிட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லும் திருப்தியாவது எனக்குக் கிடைத்திருக்கும்.

ஒரு மத்தியானம் பேத்தி பாலைக் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுது அழுது குரல் கம்மிவிட்டது. மகளும் அழுதாள். அதற்குமேல் என் வீம்பு நிற்கவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி நானே தூக்கிக்கொண்டு போனேன். வெறுங்காலோடு என் முற்றத்தைக் கடக்க ஓட வேண்டியிருந்தது.

ஓரகத்தி கதவைத் திறந்தாள். “குழந்தைக்கு இங்க இடம் இருக்குமா?” என்றேன்.

“என்ன கேள்விக்கா இது? சும்னே பேசாம உள்ள வா” என்று கையை நீட்டினாள்.

கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கொடுத்தேன். அவள் தோளில் போட்டு நாலு தட்டுத்தான் தட்டியிருப்பாள், பேத்தி தூங்கிப்போனாள். பிறந்ததிலிருந்து என் தோளில் ஒரு நாளும் அப்படித் தூங்கியதில்லை.