யார் கையும் படாத பழங்கள்

பதினோரு வருடமாகக் குமுதாவுக்கு ஒரே வேலை. உருண்டு வரும் ஆரஞ்சுப் பழங்களில் கெட்டதைக் கண்டு பொறுக்கித் தள்ளுவது. காலையில் ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெரியில் அக்கரை போய், அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் புக்கிட் தெங்கா பழக் கிடங்கு. பொறுக்கு மேசையில் ஆறு பெண்கள், மூத்தவள் அவள்தான், அடுத்தவள் நவமணி. வீட்டில் கணவர் வேலுவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வேலை போனால் என்ன ஆகும் என்று அவள் யோசித்ததில்லை, யோசிக்கப் பயம்.

சீனப் பெருநாளுக்கு ஆறு வாரம் இருந்தது. கடைகளுக்குப் போன பழம் திரும்பி வரத் தொடங்கியது. பளபளவென்று போனவை மூன்றாம் நாள் தோலில் பழுப்புத் திட்டு விழுந்து அழுகிப் போயின.

"எல்லாம் ஒங்க நகம்தான்," என்றார் சூப்பர்வைசர் சிவநேசன். "இன்னொரு லோடு திரும்பி வந்துச்சுன்னா ஆறு பேரையும் அனுப்பிடுவேன்னு தவுக்கே சொல்லிட்டாரு."

முதலாளி சொன்னால் சொன்னதுதான். மறுநாளிலிருந்து பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல வரிசையில் நின்று நகத்தைக் காட்டினார்கள். வளையலையும் கழற்றச் சொன்னார் சிவநேசன்.

"தாலியும் பழத்தக் கீறுமாண்ணே? அதையும் கழட்டிடவா?" என்றாள் தனுஜா, ஆறு பேரில் இளையவள். சிவநேசனைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் பூசாரியை அழைத்து வந்து, அந்த வருடம் வாங்கிய, பழத்தைக் கழுவித் தேய்க்கும் புது இயந்திரத்துக்குத் திருஷ்டி கழித்தார். இயந்திரத்துக்கு எலுமிச்சை, பெண்களுக்கு நகவெட்டி. குனிந்து அதன் பிரஷ்ஷைப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குமுதாவுக்கு மூக்கில் ஏதோ உறுத்தியது. தேநீர் நேரத்தில் மட்டும் கிடங்கெங்கும் தோலைப் பிழிந்ததுபோல் காரமான வாசம். ஏன்? டம்ளரோடு இயந்திரத்தருகே போய் நின்றாள். கழுவிய பழத்தைத் தேய்க்கும் பிரஷ் உருளைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அவற்றின் மேல் பழம் தானாக நகராது. பின்னால் வரும் பழம் முன்னால் இருப்பதைத் தள்ள வேண்டும். தேநீர் நேரத்தில் பெட்டிப் பழத்தை இயந்திரத்தில் கொட்டுவது நின்றால் தள்ள அடுத்த பழம் இல்லை. பழம் இருந்த இடத்திலேயே சுழலும், முரட்டு நார் தோலைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். முன்பு பெட்டி கொட்ட இரண்டு பேர். தவுக்கே ஒருவரை நிறுத்திவிட்டதால், ஒவ்வொரு பெட்டிக்கும் இடையே கொஞ்ச நேரம் இதே கதை.

சொன்னால் நம்புவார்களா? அவள் மூன்று பைகள் எடுத்தாள். ஒன்றில் இயந்திரத்துக்கே போகாத பத்துப் பழம். இரண்டாவதில் நிற்காமல் ஓடிவந்த பத்து. மூன்றாவதில் தேநீர் நேரம் முழுக்கச் சுழன்ற பத்து. எல்லாவற்றையும் மேசைக்கு வருமுன்பே துணியால் எடுத்தாள். மூன்றாம் நாள் தவுக்கே முன் பைகளைக் கவிழ்த்தாள். முதல் பையில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவதில் ஒன்றே ஒன்றில் திட்டு. மூன்றாவதில் பத்தும் பழுப்பு.

"இதுல யார் கையும் படல," என்றாள்.

தவுக்கே பழங்களைப் பார்த்தார், சிவநேசனைப் பார்த்தார். அந்த வாரமே, பெட்டி கொட்டுவது நின்றால் பிரஷ்ஷும் நிற்கும்படி ஆள் வைத்துச் சரிசெய்தார். நாரையும் மென்மையானதாக மாற்றினார். பழம் விழும் இடங்களில் பஞ்சு மெத்தை போட்டார்கள். திரும்பி வரும் பழம் நின்றது, மேசைக்கு வரும் கீறல் பழமும் நசுங்கல் பழமும் குறைந்தன. பெண்கள் மறுபடி வளையல் போட்டார்கள். தனுஜா குமுதாவைக் கட்டிக்கொண்டு, "எங்கக்கா என்ஜினியர்லா!" என்று கத்தினாள்.

பெருநாள் முடிந்த வாரம் சிவநேசன் வந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"கெட்ட பழமே வர்றதில்ல. பொறுக்க ஆறு பேர் எதுக்குன்னு தவுக்கே கேக்குறாரு. ரெண்டு பேர் போதுமாம். நீ இருக்கலாம் குமுதா. நவமணியும் இருக்கட்டும்."

"அண்ணே, நான் காட்டுனது மெஷினோட தப்ப. இவங்க என்ன தப்புப் பண்ணாங்க?"

"தப்புன்னு யாரு சொன்னா? வேல இல்ல, அவ்ளோதான்."

குற்றம் சாட்டியபோதும் அடி விழுந்தது பெண்கள் தலையில்தான். குற்றமில்லை என்று ஆனபோதும் பெண்கள் தலையில்தான். கெட்ட பழம் குறைந்ததில் வந்த லாபம் முழுவதும் தவுக்கேவுக்கு. நான்கு பேருக்கு வந்தது ஆளுக்கொரு கடிதம்.

"எங்களையும் வெச்சுக்கச் சொல்லு. இல்லாட்டி நானும் போறேன்னு சொல்லேன்க்கா," என்றாள் தனுஜா.

குமுதா வாயைத் திறந்தாள். வேலுவின் ஊசித் தழும்பேறிய கை நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள்.

தனுஜா ஏப்ரனை மடித்து மேசைமேல் வைத்தாள். "கெட்ட பழம்தான்க்கா எங்களுக்குச் சோறு. ஒனக்குத் தெரியாமப் போச்சு." திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம், அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை மேசையின் இந்த முனையில் குமுதா, அந்த முனையில் நவமணி. பழங்கள் வந்துகொண்டே இருந்தன, வடுவில்லாமல், கீறலில்லாமல். மதியம்வரை அவள் பொறுக்கியது ஏழே ஏழு. பேசத்தான் நேரம் கிடந்தது. இருவரும் பேசவில்லை.