அப்பா பேசிய மலையாளம்

மூன்று வயதில் என் மகள் மொத்தமே பதினைந்து சொல்தான் பேசினாள். காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்சரி டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, "வீட்டில தமிழ், இவிடெ மலையாளம். குட்டி குழம்பிப் போகுது. வீட்டிலயும் மலையாளம் மதி," என்றார். அது போதுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே திட்டியிருப்பேன், கணவர் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு அரிசிக் கடை. நாள் முழுக்க இரண்டு பாஷையும் ஓடும். அங்கே எந்தப் பிள்ளை குழம்பியது?

ஆனால் பயமும் இருந்தது. என் வீம்பினால் பிள்ளை பேசாமலே போய்விட்டால்? "ஒரு மாசம் பாப்போம்," என்றார் கணவர். சரி என்றேன்.

அவருக்குத் தெரிந்தது மூட்டை இறக்குகிற மலையாளம். அதில் கொஞ்சத் தெரியாது. "மோளே, வேகம் சோறு உண்ணு," என்று லாரிக்குக் குரல் கொடுப்பது போலச் சொல்வார். எனக்கு மலையாளம் நன்றாக வரும்; பிள்ளையிடம் பேசத்தான் வாய் வரவில்லை. பேசாமலே சோறு ஊட்டினேன். இரண்டு வாரத்தில் அவளுடைய பதினைந்து சொல்லும் பத்தாகக் குறைந்தது.

ஒரு மத்தியானம் கடையில் காலிச் சாக்கின்மேல் சாக்பீஸால் கிறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா குனிந்து, "இது எந்தா மோளே?" என்றார். அவள் எழுந்து அவர் வாயைக் கையால் பொத்தினாள்.

"அது மாமா பேச்சு. நீ அப்பா பேச்சு பேசு."

அவள் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி அதுவரை நான் கேட்டதில்லை. அவள் மாமா என்று கூப்பிடுகிற, மூட்டை இறக்கும் ஆள் பக்கத்தில்தான் நின்றார். சிரித்துக்கொண்டே அவரும் அதையே கேட்டார்.

"பூச்ச," என்றாள் அவரிடம்.

அவள் கைச் சாக்பீஸ் தூள் ஒட்டி மீசையெல்லாம் வெள்ளையாக அப்பா, "என்ன மக்ளே வரஞ்சிருக்க?" என்றார்.

"பூனைப்பா."

யாரிடம் எதைப் பேசுவது என்று அவள் எப்போதோ பிரித்து வைத்திருக்கிறாள். குழம்பியது நாங்கள். மறுநாள் டீச்சரிடம் போய், வீட்டில் தமிழ்தான் பேசுவோம் என்று சொன்னேன். கத்தவில்லை. கத்தத் தோன்றவில்லை.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. மலையாள எழுத்தையும் தமிழ் எழுத்தையும் ஒரே நோட்டில் எழுதுகிறாள். பாதி எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கிறது. திருத்தினால் சண்டைக்கு வருகிறாள்; என்னிடம் தமிழில், டீச்சரிடம் மலையாளத்தில். வரட்டும்.