கல்யாணத்தில் கையைத் தூக்கினேன்

எண்பதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் ஓட ஆரம்பிக்காத காலம். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் அப்பா அம்மாவுடன் இருந்தேன். வயது முப்பத்திரண்டு. ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். பட்டம் இல்லாததால் பத்து வருடமாக அதே நாற்காலி.

அப்போதுதான் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி தபாலில் பாடம் நடத்துவது தெரியவந்தது. நான்கு தாள்களில் தேறினால் அந்தத் தேர்ச்சியை (கிரெடிட் என்பார்கள்) அங்குள்ள வேறு கல்லூரிக்கு மாற்றிக்கொண்டு, நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். உடனே பணம் கட்டினேன். பாடம் விமானத் தபாலில் வரும். பதிலை ஆபீஸ் முடிந்து உட்கார்ந்து டைப் அடித்து அனுப்புவேன். மூன்று தாள்கள் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது வணிகச் சட்டம். அதில் தவறினால் மறுபடி எழுத ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்; மேற்படிப்புக்குக் கிடைத்திருந்த இடமும் போய்விடும்.

பரீட்சைக்கு மையம் எதுவும் கிடையாது. மேற்பார்வையாளரை நாமே பிடிக்க வேண்டும். அவர் நீதிபதியாகவோ, பள்ளி முதல்வராகவோ, மதகுருவாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. நீதிபதி யாரையும் எனக்குத் தெரியாது. நான் படித்த பள்ளியின் முதல்வருக்கு என்னைத் தெரியவில்லை. எங்கள் கோயில் அர்ச்சகரைக் கேட்டேன். "மூணு மணி நேரம் உன்னையே பாத்துட்டு உக்காந்தா, சாமிய யாரும்மா பாக்கறது?" என்றார். நியாயம்தான்.

கடைசியில் ஆபீஸ் தோழி ஒருத்தி தன் சபையின் இளைய பாஸ்டரிடம் அழைத்துப் போனாள். சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த சின்னத் தமிழ்ச் சபை அது. பாஸ்டர் என்னைவிட நான்கைந்து வயது இளையவர்; வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கல்லூரி அனுப்பிய விதித்தாளை வாங்கியவர், அடுத்த முறை பார்த்தபோது அதில் வரிக்கு வரி சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தார். 'வினாத்தாள் உறையைப் பிரித்ததிலிருந்து மாணவர் ஒரு நிமிடம்கூட மேற்பார்வையாளரின் கண்ணைவிட்டு விலகக் கூடாது' என்பதற்கு இரண்டு கோடு. 'ஏதாவது தேவைப்பட்டால் பேசாமல் கையை உயர்த்த வேண்டும்' என்பதற்கும் இரண்டு கோடு.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சபை அலுவலக அறையில் உறையைப் பிரித்தார். எழுத ஆரம்பித்தேன். பத்து மணிக்கு ஆலயத்தில் ஒரு கல்யாணம் இருந்தது. அதை நடத்த வேண்டியவர் மூத்த பாஸ்டர். எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பத்து மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பெரிய ஐயாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. காத்துதான் வருது, சத்தம் வரல. பொண்ணு கார்ல வந்து உக்காந்திருக்கு. நீங்கதான் நடத்தணுமாம்."

இளைய பாஸ்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விதித்தாளைப் பார்த்தார்.

"நீங்க போய்ட்டு வாங்க பாஸ்டர். நான் ஒழுங்கா எழுதிட்டிருப்பேன்" என்றேன்.

"நீங்க எழுதுவீங்க சிஸ்டர். ஆனா நான் பாத்தேன்னு கையெழுத்துப் போடணுமே."

"அப்ப என்ன பண்றது?"

"நீங்களும் வாங்க."

பீடத்துக்குப் பக்கத்தில், ஆர்கன் வாசிப்பவருக்கு அருகே, ஒரு சின்ன மேசையைப் போட்டார்கள். மொத்தக் கூட்டத்துக்கும் என் முகம் தெரியும். அங்கே ஒருவருக்கும் என்னைத் தெரியாது. நான் பெண் வீட்டு ஆள் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்தார்களாம்; பெண் வீட்டார் நான் மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்களாம். எனக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. எதிரே ஐந்தாவது கேள்வி: ஓர் ஒப்பந்தம் எப்போதெல்லாம் செல்லாமல் போகும்? நன்றாகப் படித்திருந்த பகுதி. பாட்டும் ஜெபமும் காதில் விழாமல் எழுதித் தள்ளினேன். தாள் தீர்ந்தது. தலையை நிமிர்த்தாமலே, விதிப்படி, கையைத் தூக்கினேன்.

ஆலயம் அப்படியே அடங்கிப்போயிற்று.

நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'இவர்கள் இருவரும் இணைவதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இருந்தால் இப்பொழுதே சொல்லலாம்' என்று பாஸ்டர் கேட்டு முடித்த நொடி அது.

மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. "சத்தியமா இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது!" என்றார், யாரும் கேட்காமலே. அது அவருக்கு நல்லதாக அமையவில்லை. முன்வரிசையிலிருந்து பெண்ணின் அத்தை எழுந்து வந்து என் தாளைப் பிடுங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரியைப் படித்து, கூட்டத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "ஒருத்தர் உண்மைய மறைச்சிருந்தா இந்த ஒப்பந்தம் செல்லாதுன்னு எழுதியிருக்கா!"

நான் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பேசக் கூடாது என்று விதி. பயத்தில் அது ஒன்றுதான் ஞாபகம் இருந்தது. தூக்கிய கையை இறக்கவும் தோன்றவில்லை.

"அவங்களுக்குப் பேப்பர் வேணும்" என்றார் பாஸ்டர்.

"என்ன பேப்பர்? டைவர்ஸ் பேப்பரா?" என்றார் அத்தை.

பாஸ்டர் ஒருவழியாக விஷயத்தை விளக்கினார். கல்யாணப் பெண் முகத்திரையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ தோள் குலுங்கச் சிரித்தாள்.

"பாவம் லா பாஸ்டர், அவங்களுக்கு டைம் ஓடுது. முதல்ல பேப்பரக் குடுங்க. நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம்."

கோயில்பிள்ளை அலுவலகத்துக்கு ஓடிப்போய்த் தாள் கொண்டுவந்தார். சடங்கு தொடர்ந்தது. பாஸ்டர் விதிகளை மதிப்பவர் அல்லவா, அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டார். மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது. இரண்டு கையாலும் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு எழுதி முடித்தேன். மேற்பார்வையாளர் அறிக்கையில் பாஸ்டர் ஒரு பக்கம் முழுக்க எழுதினார்: அறை மாறியது, கல்யாணம், கை தூக்கியது, விடைத்தாள் ஒன்று சில நிமிடம் ஒரு விருந்தினர் கையில் இருந்தது, எல்லாம்.

"பாஸ்டர், இதெல்லாம் எழுதினா என் பேப்பரையே தள்ளிடுவாங்க. ஒழுங்கா நடந்ததுன்னு மட்டும் போட்டுடுங்களேன்."

"நானும் அதுக்குத்தான் பயப்படறேன் சிஸ்டர்" என்றார். ஆனாலும் எழுதியதை அடிக்காமல் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினார். கல்யாணப் பெண் என்னைப் பிடித்து உட்காரவைத்துப் பிரியாணி போட்டாள்.

ஆறு வாரம் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன். அவரை மனசுக்குள் திட்டாத நாளில்லை. பிறகு கடிதம் வந்தது. தேறிவிட்டேன், கிரெடிட்டும் கிடைத்தது. கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: 'தன் தவறுகளை இவ்வளவு விவரமாகச் சொல்லும் ஒருவர் மற்றதை மறைத்திருக்க மாட்டார் என்று தேர்வுக் குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அந்தக் கல்யாணம் நடந்து முடிந்ததா என்று அறிய ஆவல்.'

முடிந்தது என்று பதில் போட்டேன்.

இரண்டு வருடம் ஆஸ்திரேலியாவில் படித்துப் பட்டத்தோடு திரும்பினேன். பாஸ்டரைத் தேடிப்போய் நன்றி சொன்னேன். ஆறு வாரம் திட்டியதை மட்டும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். பிற்பாடு, அறிக்கைகளை எழுதிக் கையெழுத்துப் போடும் வேலையே எனக்கு வந்து சேர்ந்தது. சங்கடமான ஒரு விவரத்தை விட்டுவிடலாமே என்று மனசு சொல்லும்போதெல்லாம், தானும் பயந்துகொண்டே அந்தப் பக்கத்தை முழுசாக எழுதி முடித்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டு, நானும் பயந்துகொண்டே எழுதிவிடுகிறேன்.