வடை மணக்கும் வான்

களுவாஞ்சிக்குடியில் இருந்து காலையில் மட்டக்களப்பு டவுனுக்கு ஆள் ஏற்றும் வான்களில் பெண் ஓட்டுவது ஒன்றுதான். அவள் பெயர் வதனி. புருசன் கட்டாருக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அவன் விட்டுப்போனதில் உருப்படியானது ஒரு பழைய டொல்பின் வான் மட்டுமே. வதனி அழுதுகொண்டிருக்கவில்லை. லைசென்ஸ் எடுத்தாள், அடுத்த கிழமையே சவாரிக்கு இறங்கினாள். நான் டவுனில் புடவைக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறவன். தினமும் முன் சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் குந்துவதால் அவள் வாயை எனக்கு நன்றாகத் தெரியும்.

லேசுப்பட்ட வாயில்லை. கல்லடிப் பாலத்தடியில் ஒருநாள் லொறிக்காரன் ஒருவன், “பொம்புள ஓட்டினா இப்பிடித்தான்” என்றான். “ஓமடாப்பா, ஆம்புள ஓட்டினா நடு ரோட்டில நிண்டு கதைக்கிறதுதான். எடு லொறிய!” என்றாள். லொறி போய்விட்டது. வானுக்குள் இருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கியிருந்தால் டவுன் வரைக்கும் சிரித்திருப்பார்கள். அவள் திரும்பி ஒரு முறை முறைத்ததில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

செவ்வாயும் வெள்ளியும் அவளுடைய பக்கத்து வீட்டுக் கண்ணகை மாமி வருவார். தேங்காய் எண்ணெய் காய்ச்சி விற்றுப் பிழைக்கிற மனுசி. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, ஆஸ்பத்திரியில் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். முடிந்து வரும்போது நிற்கவே சீவன் இருக்காது. அவருக்காகப் பின் சீட் ஒன்று முழுதாகக் காலியாக இருக்கும். அதில் யாராவது பையை வைத்தாலும் ஏச்சு விழும்.

இந்த மாரியில், வெள்ளம் வற்றிய பிறகு, வானுக்குச் சுகமில்லாமல் போனது. காலையில் ஸ்டார்ட் எடுத்தால் இஞ்சின் குலுங்கும், விட்டுவிட்டு அடிக்கும், பின்னால் வெள்ளைப் புகை மதிலை மறைக்கும். வெயில் ஏறினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். புகைக்கு ஒரு மணமும் இருந்தது. “யாரோ வடை சுடுறாங்க” என்று நான் சொன்னேன். “உங்களுக்கு எப்பவும் தீன் நினைப்புத்தான் அண்ணன்” என்றாள்.

கண்ணகை மாமி வருகிற நாட்களில்தான் வான் கூடுதலாகக் குலுங்கியது. பின்னால் இருந்த ஒருத்தி, “மாமிட ராசியாக்கும்” என்று முணுமுணுத்தாள். வதனி வானை ஓரங்கட்டினாள். “ராசி பாக்கிற ஆக்கள் இறங்கிப் பஸ்ஸில வாங்க” என்றாள். முணுமுணுத்தவள் இறங்கவில்லை, பிறகு வாய் திறக்கவுமில்லை. எனக்கு அன்றைக்கு வதனியை நிறையப் பிடித்தது.

ஊரில் ஒரு மெக்கானிக் புகையைப் பார்த்துவிட்டு, இஞ்சின் முடிந்துவிட்டது, கழற்றித்தான் செய்யவேண்டும் என்றான். வதனிக்கு அதற்கு வசதியில்லை. ஏறாவூரில் ஒருவர் வானை இருக்கிற நிலையிலேயே வாங்கச் சம்மதித்தார். சனிக்கிழமை வந்து கொண்டுபோவதாகப் பேச்சு. வியாழன் பின்னேரம் வேலிக்கு அப்பால் நின்ற மாமியிடம் விசயத்தைச் சொல்லியிருக்கிறாள்.

“அப்ப நான் எப்பிடிகா போறது?”

“பஸ்தான் மாமி. நான் என்ன செய்ய?”

வெள்ளி காலை வான் இதுவரை குலுங்காத குலுக்கம் குலுங்கியது. காத்தான்குடியில் நடு ரோட்டில் நின்றே விட்டது. நாங்கள் இறங்கித் தள்ளி, பக்கத்தில் இருந்த கராஜுக்குள் விட்டோம். மாமி மட்டும் உள்ளே இருந்தார். எட்டு மணிக்கு அவர் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும்.

கராஜ்கார ஷிஹான் அவசரப்படுகிற ஆளில்லை. ஒருமாதிரி ஸ்டார்ட் எடுக்கவைத்து, ஒயில் மூடியைக் கழற்றிக் கையை வைத்துப் பார்த்தான். “உள்ளுக்கிருந்து காத்துத் தள்ளல்ல. இஞ்சின் நல்லா இரிக்கி அக்கா.” பிறகு டீசல் போகிற குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினான். ஒரு சிலிண்டர் பழுதென்றால் அதைத் தளர்த்தும்போது சத்தம் மாறாது. இங்கே நாலிலும் ஒரே மாதிரி மாறியது. “நாலும் ஒண்டா மக்கர் பண்ணுதெண்டா பிழை இஞ்ச இல்ல. வாற டீசல்லதான்.”

வடிகட்டியைக் கழற்றிச் சட்டியில் கவிழ்த்தான். வெள்ளை வெள்ளையாகக் கட்டி விழுந்தது. விரலில் தொட்டு மோந்தான்.

“யா அல்லாஹ்! அக்கா, இது தேங்காயெண்ணெய். காலக் குளிருக்கு உறைஞ்சி போய் அடைச்சிரிக்கி.”

வதனிக்கு ஏறியதே கோபம். “எந்த அறுவான்டா என்ட டாங்கிக்குள்ள ஊத்தினவன்? கையில கிடைச்சா முறிச்சுப் போடுவன்!”

“நான்தான் மகள்” என்றார் மாமி, வானுக்குள் இருந்து.

எல்லோரும் வான் பக்கம் திரும்பினோம். மாமிதான் சொன்னார். “வெள்ளத்துக்க ஒரு வெள்ளிக்கிழம நீ வேலியடியில நிண்டு, எண்ணெய் இல்ல மாமி, வான் ஓடாதெண்டு சொன்னாய். எனக்கிட்ட இல்லாத எண்ணெயா? அண்டையில இருந்து ஆஸ்பத்திரிக்குப் போற நாளுக்கு முதல் நாள் பொழுதுபட ஒவ்வொரு போத்தல் ஊத்துறன். நேத்து விக்கப் போறனெண்டு சொன்னாய். எண்ணெய் காணாமத்தான் விக்கிறாயாக்குமெண்டு இருந்ததெல்லாம் ஊத்திட்டன்.”

எங்கள் பக்கத்தில் டீசலையும் எண்ணெய் என்றுதான் சொல்வோம். எண்ணெய் அடிக்கப் போகிறேன் என்றால் பெற்றோல் செட்டுக்குப் போகிறேன் என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்கத் தேங்காய் பிழிந்த மனுசிக்கு எண்ணெய் என்றால் ஒன்றுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஷிஹானும் சிரித்துவிட்டான். வதனி சிரிப்பாள், பிறகு ஏசுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஏசவில்லை. வானின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்டைக்கு எண்ணெய் இருந்திச்சு மாமி” என்றாள். “அர டாங்கி இருந்திச்சு. வெள்ளத்துக்க ஓட்ட மனமில்லாம, பஞ்சியில சும்மா சொன்னனான்.”

சிரித்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் மேல் கோபமும் வந்தது. ஷிஹான் தலையைக் குனிந்துகொண்டு டாங்கியை வடித்தான், புது வடிகட்டி பூட்டி, டீசல் ஊற்றினான். வதனி ஸ்டார்ட் எடுத்தாள். முதலில் கொஞ்சம் இருமியது, பிறகு சீராக ஓடியது. புகை இல்லை. வானை இனி விற்கத் தேவையில்லை.

“அண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகாம, ராவு கால் ரெண்டும் வீங்கி, மூச்சு முட்டிப் போய்க் கிடந்தன்” என்றார் மாமி. குரலில் ஏச்சு இல்லை. “விடிஞ்சா வான் ஓடோணுமேயெண்டுதான் எழும்பி வந்து முதல் போத்தல ஊத்தினனான்.”

வதனி கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

“எடு மகள். எட்டு மணியாகப் போகுது.”