மேசைக்கு அடியில் போன வயர்

எண்பதுகளின் தொடக்கத்தில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் கொம்பியூட்டர் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. அலுமாரி உயரத்தில் ஒரே ஒரு கொம்பியூட்டர். அதை நிறுவிய வெளிநாட்டு எஞ்சினியர் ஊர் திரும்பிவிட்டார். பார்த்துக்கொள்ள நானும், கிண்ணியாவிலிருந்து தோணியேறி வரும் எலெக்ரீசியன் ஒருவரும்தான் மிச்சம். அவர் என்னைத் தங்கச்சி என்பார். நான் அவரை நானா, அதாவது அண்ணன், என்பேன்.

நான் எழுதிய புதிய நிரல் நினைவகத்தில் அடங்கவில்லை. இயங்குதளத்தின் கருப்பகுதியே பாதி இடத்தை அடைத்திருந்தது. வெளியிலிருந்து ஏதாவது சாதனம் கூப்பிட்டால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கச் சொல்லும் குறுக்கீட்டுத் துண்டுகள் அதில் ஒன்பது இருந்தன. எங்களிடம் இருந்த சாதனங்களோ நான்கு.

"மிச்சம் அஞ்சையும் வெட்டிப்போடுவம்," என்றேன்.

"பொறுங்க தங்கச்சி. வயர் இருக்கா எண்டு பார்த்துட்டு வெட்டுவம்."

கொம்பியூட்டரின் பின்மூடியைக் கழற்றினார். அந்த ஐந்தில் நான்குக்கு வயரே இல்லை. ஐந்தாவதிலிருந்து மட்டும் ஒன்று சுவருக்குள் போனது. அதன் பின்னாலேயே போனோம். முகாமையாளரின் அறையில், அவருடைய மேசைக்கு அடியில், ஒரு கறுப்புப் பொத்தானில் அது முடிந்தது.

"அது தேத்தண்ணி பெல்," என்றார் முகாமையாளர். சிரித்தே பார்த்திராத மனிதர். "பத்து மணிக்கு அமத்தினா உடன தேத்தண்ணி வரும்."

"பெல் சத்தம் கேக்கிறதோ ஐயா?" என்று கேட்டேன்.

"குசினிக்குள்ள அடிக்குமாக்கும்."

தட்டோடு உள்ளே வந்த குசினிக்காரர் திகைத்து நின்றார். "எந்த பெல் ஐயா? நான் மணிக்கூட்டைப் பாத்தெல்லோ கொண்டு வாறனான்."

'பத்து மணி' என்ற சொல் பொறிதட்ட, நான் ஓடிப்போய்க் கொம்பியூட்டரின் அச்சு இயந்திரத்தின் முன் நின்று, "இப்ப அமத்துங்கோ ஐயா!" என்று கத்தினேன். அச்சடித்துக்கொண்டிருந்த தாள் பாதியில் நின்று, அடுத்த பக்கத்துக்குத் தாவியது. முன்பு அந்த அறையில் இருந்த எஞ்சினியர் தாள் மாற்றுவதற்கு வைத்த பொத்தான் அது! ஒவ்வொரு காலையும் பத்து மணிக்கு அறிக்கை நடுவில் முறிவதற்கு மாதக்கணக்காக நான் தாளையும் ரிப்பனையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னொருக்கா அமத்தட்டோ?" என்று அறைக்குள்ளிருந்து கேட்டது. பிறகு ஒரு வெடிச்சிரிப்பு. முகாமையாளருடையதுதான்.

ஐந்து துண்டுகளையும் அன்றே அழித்தேன். புதிய நிரல் தாராளமாக அடங்கியது. மறுநாள் அறிக்கை முறியாமல் முழுதாக வந்தது.

பொத்தானைக் கண்டுபிடித்த அன்று பின்னேரம் தோணித்துறைக்குப் போகும் வழியில், நானா அந்தத் தேத்தண்ணி பெல்லை நினைத்துச் சிரிப்பை அடக்க ஏலாமல் சைக்கிளை விட்டு இறங்கி, தெருவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.