நூல் கட்டிய செடி

மெர்சிங் துறையில் இன்னும் படகு வரவில்லை. மழை இறங்காத மணல் காலைச் சுடுகிறது. என் வீட்டுக்காரர் மூட்டையில் சாய்ந்து குறட்டை விடுகிறார். அவரைச் சொல்லி என்ன! நான் சும்மா உட்காருகிறவளா? நடக்கிறேன். மணலில் ஒரு முட்செடி. கிளையில் வெள்ளை நூல், நூலில் ஏதோ எழுதிய சீட்டு. எனக்கு எழுத்து தெரியாது, வேண்டுதல் தெரியும். ஏழு வருஷமாகப் பிள்ளையில்லாத மகளை நினைத்து, முந்தானையில் நூல் உருவி நானும் முடிச்சுப் போடுகிறேன். மனசு குளிர்கிறது.

அப்போது ஒரு வெள்ளைக்காரத் துரையும், அவரிடம் எழுத்து வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கிராணியாரும் மண்வெட்டியோடு வருகிறார்கள்.

"ஆச்சி, அது நாங்கள் கட்டின அடையாளம். காட்டுச் செடியளைக் கணக்கெடுக்கிறம். இதை வேரோட கிண்டிச் சிங்கப்பூருக்குக் கொண்டு போகப்போறம்."

"ஐயையோ, மகளுக்குப் புள்ள வேணும்னு இதுகிட்ட வேண்டிக்கிட்டேனே!"

கிராணியார் அதை இங்கிலீஷில் சொல்ல, துரை சந்தோஷமாக நோட்டில் எழுதுகிறார்.

"என்ன எழுதுறாரு?"

"சனம் இந்தச் செடியை என்னத்துக்குப் பாவிக்குது எண்டு எழுத வேணும், ஆச்சி. பிள்ளை வரத்துக்கு எண்டு எழுதியாச்சு."

எனக்குத் தலை சுற்றுகிறது. இது சாமியா, செடியா? துரையே எழுதினால் பொய்யாகுமா?

"அப்போ புள்ள பொறந்தா, பொங்க வைக்க நான் சிங்கப்பூருக்கா வரணும்?"

கிராணியார் அதையும் சொல்கிறார். துரை மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, என் முடிச்சில்லாத ஒரு கிளையை மட்டும் ஒடித்துக்கொள்கிறார்.